பல்லிச் சத்தம்

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர்கள் ‘டோன்’ என்ற சொல்லைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வார்கள். சுருதி வேறு, டோன் வேறு. ஒரே சுருதியில் ஒரே தந்தியை இரண்டு பேர் மீட்டினால் ஒன்று தகரம் மாதிரி இருக்கும், இன்னொன்று நெஞ்சுக்குள் இறங்கும். அந்த வித்தியாசத்துக்குத்தான் அந்தப் பெயர். தமிழ்த்துறைக்காரி என்பதால் இதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடினேன். ‘ஒலிநயம்’ பாடப்புத்தக வாடை அடித்தது. ‘நாதம்’ நேராகக் கோயிலுக்குப் போய்விட்டது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் குரல் நன்றாக இருந்தால் கணீரென்று இருக்கிறது என்பார்கள், கெட்டிருந்தால் கம்மிப்போச்சு என்பார்கள். இரண்டும் நல்ல சொற்கள்தான். ஆனால் கிட்டாருக்குக் கணீரும் வேண்டும், அளவான கம்மலும் வேண்டும். கடைசியில் டோன் என்றே வைத்துக்கொண்டேன்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் கிட்டாரைப் பதிவு செய்யும்போது நல்ல டோன் எப்படிக் கிடைக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. பெண்ணியத் தொகுப்பில் இது எதற்கு என்று தொகுப்பாசிரியர் போனில் கேட்டார். எழுதிக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கு 43 வயது. கிட்டார் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஊதிய நிலுவைத் தொகை மொத்தமாக வந்தபோது, வீட்டில் யாரிடமும் கேட்காமல் நான் செலவு செய்த முதல் பணம் அது. கிட்டார், கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி, ஹெட்போன் எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய்க்குள் அடங்கியது. கடையில் “பையனுக்கா மேடம்?” என்றார்கள். எனக்கு என்றதும் அக்கூஸ்டிக் கிட்டார் இருந்த பக்கமாக அழைத்துப் போனார்கள். பாடுவதற்குத் துணையாக, மடியில் அடக்கமாக, ஒயர் இல்லாமல். எலெக்ட்ரிக் கிட்டார்கள் தொங்கிய சுவர் கடையின் மறுபக்கம். அங்கே நான்கு பையன்கள் ஆம்ப்ளிஃபையரைச் சத்தமாக வைத்து, ஒருவன் வாசிப்பதை இன்னொருவன் கேட்காமல், வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

பதினைந்து வயதில் எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்திலும் இதே ஏற்பாடுதான். பெண்பிள்ளைகள் பாடுவோம், பையன்கள் கிட்டார் வாசிப்பார்கள். இப்படி ஒரு விதியை யாரும் எழுதி வைக்கவில்லை. ஜெபம் நடக்கும்போது மட்டும் கிட்டாரை எங்களில் ஒருத்தியிடம் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடித்த தந்தியைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். சத்தம் வராமல் தொடத் தெரியும். அந்த வயதுக்குள் எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் அது தெரிந்துவிடுகிறது.

இதைப் படிக்கிற மாணவிகளில் ஒருத்தியாவது கிட்டாரைக் கம்ப்யூட்டரில் சொருகப்போகிறாள். அவளுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலெக்ட்ரிக் கிட்டாரின் தந்திக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுச் செம்புக் கம்பியும் இருக்கின்றன. தந்தி அதிர்ந்தால் அந்தக் கம்பியில் நூலிழை மாதிரி ஒரு மின்சாரம் பிறக்கும். அதற்குப் பிக்கப் என்று பெயர். லேப்டாப்பின் மைக் துளையில் இதை நேரடியாகச் சொருகினால் ஒலியின் மேல்பகுதி, அதாவது அந்தக் கணீர், செத்துவிடும். பிக்கப் பலவீனமான ஆள். எதிரில் இருப்பவர் அதிகம் இழுக்காமல் கேட்க வேண்டும். அதனால்தான் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறிய பெட்டி தேவைப்படுகிறது. அதில் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்றோ கிட்டார் படம் போட்டோ ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தாமல் பதிவு செய்துவிட்டு, கிட்டார் மட்டம் என்று விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, அளவு. பதிவாகும்போது திரையில் ஏறி இறங்கும் பச்சைக் கோடு சிவப்பைத் தொடக்கூடாது. பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் தாங்க முடியாத அளவுக்குப் போனால் அழகாகக் கரகரக்கும். ராக் இசையின் பாதி அந்தக் கரகரப்புதான். கம்ப்யூட்டருக்கு அந்த நாகரிகம் கிடையாது, எல்லை தாண்டினால் வெட்டிவிடும். 24 பிட்டில் பதிவு செய்தால் தாராளமாக இடம் இருக்கிறது. பலமாக அடிக்கும் இடத்தில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும். மெதுவாகப் பதிவு செய்துவிட்டுப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

இப்படிப் பதிவானதைக் கேட்டால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். ஒல்லியாக, பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். கிட்டார் சத்தம் என்று நாம் தெரிந்து வைத்திருப்பது கிட்டாரின் சத்தம் மட்டுமல்ல. ஆம்ப்ளிஃபையர், மரப்பெட்டி, அதிலிருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர், அதன் முன்னால் நிற்கும் மைக், அந்த அறை எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சத்தம். அந்த ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். அது இல்லாமல் கரகரப்பை மட்டும் போட்டால் காதுக்குள் தேனீக் கூட்டம்தான். இப்போது அந்தப் பெட்டியையும் மைக்கையும் கம்ப்யூட்டருக்குள் போலியாகக் கொண்டுவரலாம். இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்கிறார்கள். ஒரு ஸ்பீக்கர் பெட்டி ஒலியை என்னவெல்லாம் செய்கிறது என்பதை மட்டும் பிடித்து வைத்த சின்னக் கோப்பு, ஒரு நொடிகூட நீளாது. இலவசமாகவே கிடைக்கிறது. ஆம்ப்ளிஃபையர் மென்பொருளை மாற்றி மாற்றி இறக்குவதைவிட இந்தக் கோப்பை மாற்றிப் பார்ப்பதில்தான் டோன் அதிகம் மாறுகிறது. கரகரப்பை, சரி என்று காது சொல்கிற அளவுக்கு வைத்து, பிறகு அதில் கால் பங்கைக் குறையுங்கள். தனியாகக் கேட்கும்போது பிரமாதமாக இருக்கும் அடித்தொனியையும் குறையுங்கள். கிட்டாரின் தடித்த தந்தியே 82 ஹெர்ட்ஸில்தான் ஒலிக்கிறது. அதற்குக் கீழே இருப்பது மேஜை உதறல், பஸ் போகும் அதிர்வு, பாதம் தட்டுவது. தந்தி பழசாகித் துரு ஏறியிருந்தால் இதில் எதுவுமே உதவாது. புதுத் தந்தி மாட்டுங்கள்.

பெண்களுக்குக் கருவி நுட்பம் பிடிபடாது என்று நம்புகிற ஆண்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. அவர்கள் நம்ப வேண்டிய தேவையே இல்லாமல், பேச்சு தானாக அவர்களுக்குள் நடந்துகொள்கிறது. இது புதிதல்ல. சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தை முதுகலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைதான் இப்போது ஞாபகம் வருகிறது. தத்தை யாழில் யாராலும் வெல்ல முடியாதவள். அவளை இசையில் வெல்கிறவனுக்கு அவள் மனைவி என்பது போட்டி. சீவகன் வருகிறான். வாசிப்பதற்கு முன்னால் அவன் என்ன செய்கிறான்? கொண்டுவந்து தருகிற யாழ்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். இது தண்ணீரில் நின்ற மரம், இது வாள் வெட்டுப்பட்ட மரம், இது இடி விழுந்த மரம். நரம்பில் மயிர் கிடப்பதையும் கண்டுபிடிக்கிறான். யாழ் நரம்புக்குக் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்று நான்கு குற்றங்கள் நம் இசை மரபில் சொல்லப்படுகின்றன. டோன் பற்றிய அறிவு தமிழில் எவ்வளவு நுட்பமாக இருந்திருக்கிறது என்று நான் வகுப்பில் மெய்மறந்துதான் பேசுவேன். போன வருடம் ஒரு மாணவி எழுந்து, “மேம், தினமும் வாசிக்கிற தத்தைக்கு நரம்புல மயிர் இருந்தா தெரியாதா?” என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும். காப்பியத்தில் அந்த அறிவு வெளிப்படும் வாய் சீவகனுடையது, அவ்வளவுதான். அவளுடைய வித்தை, தோற்று மணமுடிப்பதற்கான ஏற்பாடாக முடிந்துவிடுகிறது.

வீட்டில் பதிவு செய்வது என்ற இந்தக் கலைக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் லெஸ் பால், மேரி ஃபோர்ட் என்ற தம்பதி தங்கள் வீட்டிலேயே டேப் இயந்திரத்தை வைத்து, ஒரு பதிவின் மேல் இன்னொரு பதிவாக அடுக்கிப் பாட்டுகள் செய்தார்கள். 1951-இல் அவர்களுடைய ‘ஹவ் ஹை த மூன்’ அங்கே முதலிடத்துக்குப் போனது. அதில் கேட்கும் அத்தனை பெண் குரல்களும் மேரியுடையவை. தன் குரலுக்குத் தானே துணைக்குரல் பாடி, அதற்கும் மேல் இன்னொன்று. அந்த முறையில் ஒவ்வொரு அடுக்கும் முந்தியதோடு கரைந்துவிடும், பின்னால் பிரிக்க முடியாது. நடுவில் பிசகினால் திரும்ப முதலிலிருந்துதான். மேரி பாடகி மட்டுமல்ல, நல்ல கிட்டார் கலைஞர். மறு வருடம் கிப்சன் நிறுவனம் கணவர் பெயரில் ஒரு கிட்டாரை வெளியிட்டது. இன்றைக்கும் உலகம் முழுக்க விற்கிறது, பையன்கள் அதன் டோனைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். மேரி 1977-இல் இறந்தார். லெஸ் பால் வாங்கினேன் என்று சொல்கிறவர்களிடம் மேரி ஃபோர்ட் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

எனக்கு அவரைவிட எலிசபெத் காட்டன்தான் நெருக்கம். கறுப்பினப் பெண், 1893-இல் பிறந்தவர். இடதுகைக்காரர். வலதுகைக் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்ததால் கட்டைவிரல் மெட்டை வாசிக்க, மற்ற விரல்கள் அடித்தந்திகளைப் பார்த்துக்கொண்டன. அந்த டோன் வேறு யாருக்கும் வராது, ஏனென்றால் எந்த ஆசிரியரும் அப்படிப் பிடிக்க விடமாட்டார். கல்யாணம், சபை, வீட்டு வேலை என்று பல பத்தாண்டுகள் அவர் கிட்டாரைத் தொடவேயில்லை. பிறகு சீகர் என்ற இசைக் குடும்பத்தில் வீட்டு வேலைக்குச் சேர்ந்தார். அந்த வீட்டில் இருந்த கிட்டாரை எடுத்துத் திரும்ப வாசித்தார். அந்த வீட்டுப் பையன் மைக் சீகர், டேப் இயந்திரத்தை அவருடைய வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பதிவு செய்தார். முதல் இசைத்தட்டு 1958-இல் வந்தபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. என்னிடம் யாராவது நாற்பதுக்கு மேல் எதற்கு என்றால் இந்தக் கணக்கைச் சொல்வேன்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். என் நேரம் இரவு பத்தரைக்கு மேல். பாத்திரம் கழுவி, மறுநாள் மாவை எடுத்து வைத்து, பிளஸ் டூ படிக்கிற மகன் கதவைச் சாத்திய பிறகு. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் என் காதுக்குள் புயல் அடிக்கும். வெளியே ஒன்றும் கேட்காது. எலெக்ட்ரிக் கிட்டாருக்கு உடம்பு திடமரம், உள்ளே குழி கிடையாது. ஒயரில் இருப்பது வெளியே வராவிட்டால் அதன் தந்தியில் வெறும் டிக் டிக்தான். எவ்வளவு சத்தமாகவும் வாசிக்கலாம், யாருக்கும் தெரியாது. இந்தத் தொழில்நுட்பம் பெண்களுக்காகவே செய்யப்பட்டது என்று ஆரம்பத்தில் ஒரு தோழியிடம் சொன்னேன். அவள், “சத்தமே போடாம கத்துறதா? அதுக்கு எதுக்குடி முப்பதாயிரம்?” என்றாள்.

அமைதியான வீட்டில் ஓர் எதிரி உண்டு. உம்ம்ம் என்று ஒரு முனகல். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. சுவருக்குள் ஓடும் ஒயர், ஃபேன் ரெகுலேட்டர், லேப்டாப் சார்ஜர் எல்லாவற்றிலிருந்தும் அந்த ஓட்டத்தைப் பிக்கப் பிடித்துக்கொள்ளும். இதற்கு மென்பொருள் வைத்தியத்தைவிட உடம்பு வைத்தியம் நல்லது. கிட்டாரோடு நாற்காலியில் மெதுவாகத் திரும்புங்கள். ஒரு கோணத்தில் முனகல் ஏறக்குறைய நின்றுவிடும். என் வீட்டில் அது, கதவுக்கு முதுகு காட்டி, துணி அலமாரியைப் பார்த்து உட்காரும் கோணம். சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள். சுவிட்ச் போர்டில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள், அது கிட்டாருக்காக மட்டுமல்ல.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாள் எனக்குத் திருநாள். விடுமுறையில் அது வந்துவிட்டால் இன்னும் விசேஷம். தெரு முழுக்க மின்சாரம் இருக்காது. இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுவேன், மலிவான இன்வெர்ட்டரின் மின்சாரம் முனகாது, உறுமும். லேப்டாப் பேட்டரியில் ஓடும், இன்டர்ஃபேஸுக்கு அதிலிருந்தே மின்சாரம். அப்போது ஹெட்போனில் கேட்கும் நிசப்தம் மாதிரி ஒன்றை நான் எந்த வீட்டிலும் கேட்டதில்லை. ஃபிரிட்ஜ் இல்லை, பக்கத்து வீட்டு மோட்டார் இல்லை, டிவி இல்லை. வியர்த்து ஊற்றும். என் கவிதைகளுக்குப் பின்னால் நான் வாசித்ததில் மிகச் சுத்தமான மூன்று பதிவுகளும் அப்படி எடுத்தவைதான். கிட்டாரின் வெறும் ஒலியைத் தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொள்வேன். அதற்கு எந்த ஆம்ப், எந்தப் பெட்டி என்பதைப் பிறகு, மாதக்கணக்கில் கழித்துக்கூட, மாற்றிக்கொள்ளலாம். உடனே முடிவெடுத்தாக வேண்டும் என்று யாரும் நெருக்காத ஓர் இடம் வாழ்க்கையில் இப்படி ஒன்றாவது இருக்கிறது.

என் மாமியாருக்கு 78 வயது. அடுத்த அறையில் படுத்திருப்பார். ஒரு நாள் காலையில் காப்பி குடிக்கும்போது, “ஏம்மா, ராத்திரி பூரா உன் ரூம்ல பல்லி கத்துன மாதிரியே கேக்கு” என்றார். பல்லி இல்லை மாமி, நான்தான் என்றேன். அவருக்குப் புரியவில்லை. கிட்டாரை எடுத்து ஒயரில்லாமல் வாசித்துக் காட்டினேன். டிக் டிக்.

“இதையா ராத்திரி ரெண்டு மணி நேரம் வாசிக்க?”

ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். கம்மலில் பட்டுச் சரியாக நிற்கவில்லை. ஒரு நிமிடம் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கழற்றிக் கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக் கதையைச் சொன்னார், கல்யாணமாகி வந்த இருபது வருடத்தில் நான் கேட்டிராத கதை. அவர்கள் வீட்டில் ஓர் ஆர்மோனியம் இருந்திருக்கிறது. “அண்ணன் வாசிப்பான். ஒரு கைக்குத் துருத்தி போயிருமே, அதனால ரெண்டு கையாலயும் வாசிக்கணும்னா நான் பின்னால இருந்து காத்தடிச்சுக் குடுப்பேன். அவன் வாசிக்கது எனக்கு முன்னால தெரிஞ்சிரும். எந்த இடத்துல மூச்சு கூட வேணும், எந்த இடத்துல விடணும்னு.” தனியாக வாசித்ததுண்டா என்றேன். “நான் வாசிச்சா யாரு காத்தடிப்பா?” என்றார்.

ஒரு கையால் துருத்தியை இயக்கிக்கொண்டு மறு கையால் வாசிக்கத்தான் அந்தப் பெட்டி செய்யப்பட்டிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்ததுதானே.

அதற்குப் பிறகு எனக்கு ஹெட்போன் டோன் சலித்துவிட்டது. அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் போலிப் பெட்டிக்குள் இருக்கும் அறை யாரோ ஒருவருடைய அறை, எங்கோ ஒரு ஸ்டூடியோ. என் பாளையங்கோட்டை வீட்டுச் சுவரில் பட்டு ஒரு அதிர்வுகூடத் திரும்பி வரவில்லை. 10 வாட் ஆம்ப்ளிஃபையர் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினேன். மகன் பள்ளி ஆண்டு விழாவுக்கென்று வாங்கிய மைக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆம்பைத் தரையில் வைக்காமல் நாற்காலியில் வைத்தேன், தரையில் வைத்தால் அடித்தொனி வீங்கும். மைக்கை ஸ்பீக்கருக்கு இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்தினேன். ஸ்பீக்கரின் நடு மையத்துக்கு நேராக இருந்தால் கீச்சென்று இருக்கும், விளிம்புக்குப் போகப்போக மங்கும். நடுவே எங்கோ ஒரு விரற்கடை இடம் இருக்கிறது, அதைக் காதால்தான் தேட வேண்டும். அதை நகர்த்திக்கொண்டிருந்த ஒரு மணி நேரத்தில் கற்றதை இரண்டு வருட மென்பொருள் கற்றுத்தரவில்லை.

எந்த நேரம் என்பதுதான் பேச்சுவார்த்தை ஆனது. இரவு முடியாது. மகனுக்கு டியூஷன், கணவருக்குத் தொலைக்காட்சிச் செய்தி, எதிர்வீட்டில் கைக்குழந்தை. ஆராதனை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரை என்று முடிவானது. சமையல் நேரம். அந்த நேரத்தில் சமையலறையில் இல்லாமல் வேறு அறையில் சத்தம் போடுவது என்பதை நான் கணவரிடம் அறிவித்தேன், கேட்கவில்லை. “அரிசியை மட்டும் போட்டுட்டு வா” என்றார். போட்டுவிட்டு வந்தேன்.

மாமி ஹாலில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, என் அறைக் கதவைப் பார்த்து உட்கார்ந்தார். கதவைச் சாத்தவில்லை. நான்கரை நிமிடம், ஒரே தடவையில் எடுத்தது. நடுவில் குக்கர் விசில் விழுந்தது. நான் எழவில்லை. மாமியும் எழவில்லை.

சாயங்காலம் எல்லோரும் இருக்கும்போது அதைப் போட்டேன். டோன் கனமாக இருந்தது, கொஞ்சம் முரடாக, மேலே லேசான கரகரப்போடு, பின்னால் எங்கள் ஹாலின் ஓட்டுக்கூரை எதிரொலி. விசில் வந்த இடத்தை மகன் கவனித்தான். அதை மட்டும் துடைத்தெடுக்க ஒரு வழி இருக்கிறது, அரை மணி நேர வேலைதான் அம்மா என்றான். கணவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சாதம் மத்தியானம் ஏன் அப்படிக் குழைந்தது என்று இப்போது புரிகிறது என்றார்.

“ரெண்டு விசில்ல இறக்கணும். மூணு வந்துருச்சு” என்றார் மாமி.

இரண்டுதான் வந்தது என்று எனக்கு ஞாபகம். திரும்பப் போட்டு எண்ணினோம். மூன்றாவது, கடைசித் தந்தியின் அதிர்வு அடங்குகிற இடத்தில், அதே சுருதிக்குப் பக்கத்தில் இருந்தது.